கொஞ்சம் மூடுங்க மாப்பிள்ளை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அத்தானுக்கு,

நான் நலம். நீங்களும் அக்காவும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். உங்கள் லாரியும் நலம். வாசலில் நிற்கிறது, சாவியைத் தொட்டாலே ஸ்டார்ட் ஆகிறது. மற்றது எதுவும் நலமில்லை.

இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபோனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் நீங்கள் சிரித்துவிடுகிறீர்கள். தவிர, இந்த வீட்டில் எந்த அறையில் நின்று பேசினாலும் அடுத்த அறையில் ஒரு காது இருக்கிறது. இன்று அந்தக் காதுகள் எல்லாம் என் மனதில் என்ன இருக்கிறது என்று அறிந்துகொள்ளக் காத்திருக்கின்றன. எழுதினால் சத்தம் வராது. உதிரிபாகக் கடைக்காரர் நாளைக் காலை சரக்கெடுக்க உங்கள் பக்கம் வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புவேன். காகிதத்தில் டீசல் வாடை அடித்தால் அவரைச் சந்தேகிக்க வேண்டாம். அது நான்தான்.

வீடு மாற்ற லாரி கேட்டேன். "எடுத்துக்கிட்டுப் போ, சாமான் இறக்கிட்டு மெதுவா திருப்பிக் குடு" என்றீர்கள். அது உங்கள் பெருந்தன்மை. வண்டி மேடு ஏறும்போது மூச்சுத் திணறி நின்றுவிடும் என்பதைச் சொல்லவில்லை. அதுவும் பெருந்தன்மையில் சேருமா என்று தெரியவில்லை. நான் நடு மேட்டில் நின்று, பின்னால் ஹாரன் அடித்தவர்களிடம் எல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உங்களை அழைத்தபோது, "டீசல் ஃபில்டர் அடைச்சிருக்கும்டா. வீட்லயே மாத்திடலாம். அரை மணி நேர வேலை. இதுக்கெல்லாம் மெக்கானிக்கைக் கூப்பிட்டா உன்னைப் பார்த்துச் சிரிப்பான்" என்றீர்கள். நான் பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவன். பேனாவைவிடக் கனமான கருவி எதையும் கையில் பிடித்ததில்லை. இது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னீர்கள்.

வீடு மாற்றுவதில் ஏன் இத்தனை அவசரம் என்று அக்கா கேட்டாளாம். சொல்கிறேன். கல்யாணமான புதிதில், வேறு வீடு கிடைக்கும்வரை மாமனார் வீட்டில் தற்காலிகமாகத் தங்குவது என்று முடிவானது. ஊரார் பிழையெல்லாம் திருத்துகிற நான், 'தற்காலிகமாக' என்ற சொல்லில் இருந்த பிழையைக் கவனிக்கவில்லை. இந்த வீட்டில் எனக்கு யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் குறை. நான் கூடத்துக்குள் வந்தால் மாமனார் எழுந்து நிற்கிறார். நான் உட்கார்ந்தால் உட்காருகிறார். மறந்துவிட்ட கண்ணாடியை எடுக்க நான் எழுந்தால் அவரும் எழுகிறார். ஒரு நாள் விளையாட்டாக எழுந்து உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். அவருக்கு மூட்டு வலி என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. செய்தி பார்த்துக்கொண்டிருப்பவர் என் செருப்புச் சத்தம் கேட்டதும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அணைந்த திரையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். மின்விசிறி என் பக்கம் திரும்பும். காப்பியில் சர்க்கரை இல்லை என்றால் நான் சொல்ல முடியாது. சொன்னால் மாமியார் தன் பெண்ணை உள்ளே அழைத்து, "மாப்பிள்ளை மனசுல என்ன?" என்று கேட்பார். காப்பி மட்டும்தான் என் மனதில் இருந்தது என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

எனக்கு வேண்டியது ஓர் அறை. நான் நுழையும்போது அதில் யாரும் எழுந்திருக்கக் கூடாது. இவ்வளவுதான்.

கிடைத்தது. தையல் கடைக்கு மேலே, மாடியில், இரண்டு அறைகள். என் மனைவி ஜன்னலைத் திறந்து பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள், திரும்பி என்னைப் பார்த்தாள். "இங்க நான் உங்ககூட சத்தமா சண்டை போடலாம்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஓர் ஆசையை நான் கண்டதில்லை. வீட்டுக்கார அம்மா மட்டும் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வந்துடுங்க. இன்னொரு குடும்பம் சாவி கேட்டு நிக்குது." இன்று வெள்ளி.

மாமனார் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எப்போது போனது, எப்போது வந்தது, ஏன் தாமதம் என்று கேட்பது அவர் வேலை. எதனால் ஓடுகிறது என்பது வேறு ஆட்களின் வேலை. ஆனாலும் காலமெல்லாம் அந்தப் புகையில் உட்கார்ந்திருந்ததால் தனக்கும் எஞ்சினுக்கும் உறவு உண்டு என்று நினைக்கிறார். உண்டுதான். தூரத்து உறவு. ஓட்டுநர்களைக் கூண்டுக்குள் இருந்தபடியே கத்திக் கூப்பிட்டுப் பழகிய குரல் அவருக்கு இருந்ததாம். 'டேய்' என்றால் சம்பந்தமில்லாத வண்டிகளும் நின்றுவிடுமாம். இவள் சொல்லித்தான் தெரியும். கல்யாணம் நிச்சயமான அன்றே மாமியார் அந்தக் குரலுக்குத் தடை போட்டுவிட்டார். அதனால் என்னிடம் அவர் நேராகப் பேசுவதே இல்லை. பெண் மூலமாகப் பேசுவார். பெண் இல்லையென்றால் சுவரைப் பார்த்துக்கொண்டு, வேறு யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார். "மாப்பிள்ளை படிச்சு முடிச்சாச்சுன்னா விளக்கை அணைக்கலாம்." இதற்குள் கட்டளை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து நான் நிறைவேற்ற வேண்டும். ஏவல் வினையே இல்லாத வீடு, அத்தான்.

ஃபில்டர் விஷயம் கேள்விப்பட்டதும், "பாப்பா, மாப்பிள்ளை தனியா கஷ்டப்பட வேண்டாம்னு சொல்லு. நான் டெப்போ ஆளு" என்று மகளிடம் சொல்லியனுப்பினார். நாங்கள் வீட்டைவிட்டுப் போவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. போவதற்கான வண்டியைப் பழுது பார்க்கிறேன் என்றார். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

முதலில் கடை. கடைக்காரர் இரண்டு ஃபில்டர்களை மேசைமேல் வைத்து, "நீளமா, குட்டையா?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? மாமனாரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். "மாப்பிள்ளை சொல்றதுதான்" என்றார். நான் நீளம் என்றேன். நீளமாக இருந்தால் அதிகம் வடிகட்டும் என்று ஒரு நினைப்பு. வீட்டுக்கு வந்து பார்த்தால் அது கீழே குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறது. நேற்று நாலு பேர் தள்ளி வீடு சேர்த்த லாரி ஓடாது என்பதால் திரும்பவும் வெயிலில் நடந்தே போனோம். கடைக்காரர் மாற்றித் தந்துவிட்டுச் சொன்னார்: "பெரியவர் அப்பவே குட்டைன்னு எனக்குக் கண்ணைக் காட்டினாரு தம்பி. நான் கண்ணுல தூசி விழுந்துருச்சுன்னு நெனச்சேன்." விடிந்ததும் அவர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்திருக்கிறார். குட்டை என்று அவருக்குத் தெரியும். வழி முழுவதும் தெரியும். கடையில் தெரியும். நான் நீளத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு பெருமையாக நடந்துவந்தபோதும் தெரியும்.

அடுத்தது, பழைய ஃபில்டர் கழலவில்லை. அதற்கென்று ஒரு கருவி உண்டாம், அதைப் பற்றி நீங்கள் மூச்சு விடவில்லை. கையால் திருகினேன். துணி சுற்றித் திருகினேன். இவள் வந்து பார்த்துவிட்டு, ஊறுகாய் ஜாடி மூடியைத் திறப்பது போலச் சுற்றிலும் தட்டிப் பார்க்கச் சொன்னாள். கையில் கிடைத்த கட்டையால் தட்டினேன். அதற்கு அது வலித்ததாகவே தெரியவில்லை. அப்போது மாமனார், சுவரைப் பார்த்தபடி, "டெப்போல பெல்ட்டைச் சுத்தி இழுப்பாங்க" என்று நினைவுகூர்ந்தார். பெல்ட்டுக்கு எங்கே போவது என்று நான் யோசிக்குமுன் தன் இடுப்பிலிருந்ததை உருவிக் கொடுத்துவிட்டார். நல்ல பெல்ட். சுற்றி இழுத்ததும் ஃபில்டர் ஒரு முனகலுடன் கழன்றது. கழன்றதும் அதிலிருந்த டீசல் முழுவதும் பெல்ட்டில் இறங்கியது. அதை அவர் மறுபடி கட்டிக்கொள்ள முடியாது. அந்த நிமிடத்திலிருந்து அவருக்கு ஒரு கைதான். இன்னொரு கை கால்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. "வேற பெல்ட் எடுத்துட்டு வரேம்ப்பா" என்றாள் இவள். "மாப்பிள்ளை வேலையா இருக்கும்போது நான் அலங்காரம் பண்ணிக்கிட்டிருக்கவா?" என்றார்.

புதியதைத் திருகி ஏற்றினேன். ஒழுகியது. இன்னும் இறுக்கினேன். இன்னும் ஒழுகியது. கழற்றிப் பார்த்தால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் கழலாமல் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் புதிய வளையத்தை வைத்து இறுக்கியிருக்கிறேன். வளையத்தின்மேல் வளையம். எந்தப் பிழை திருத்துகிறவனும் வெட்கப்பட வேண்டிய பிழை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நகத்தால் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது மாமனார் மகளிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "அது மேலயே நிக்குதேன்னு நானும் பார்த்தேம்மா. இருக்கணும்னுதான் விட்டிருக்கார் போலன்னு நெனச்சேன். மாப்பிள்ளை ஒரு காரியம் செய்யும்போது நாம குறுக்க பேசினா நல்லாவா இருக்கும்?"

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். "அவரு அப்படித்தான்" என்றாள். "நீங்களாவது கேட்டிருக்கலாம்ல?" கேட்டிருக்கலாம். யாரிடம்? எந்தச் சுவரிடம்?

இனி முக்கியமான கட்டம். நீங்கள் "காத்து எடுத்துட்டா முடிஞ்சது" என்று ஒரு வரியில் சொன்ன கட்டம். ஃபில்டர் மாற்றினால் உள்ளே காற்று புகுந்துவிடும், அந்தக் காற்று போகும்வரை எஞ்சின் பிடிக்காது. ஃபில்டரின் தலையில் ஒரு சின்னத் திருகு. பக்கத்தில் கையால் அடிக்கும் ஒரு பம்ப். திருகைத் தளர்த்திவிட்டுப் பம்பை அடித்தால் முதலில் நுரையும் குமிழியும் வரும், பிறகு சுத்தமான டீசல் வரும். அது வருகிற அந்தக் கணத்தில், அடிப்பதை நிறுத்தாமலே, திருகை மூட வேண்டும். நிறுத்திவிட்டு மூடினால் காற்று திரும்பவும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். இவ்வளவுதான் வித்தை. ஆனால் உங்கள் வண்டியில் அந்தத் திருகுக்குக் கீழேயிருந்து மட்டும்தான் ஸ்பானர் எட்டும். குமிழி மேலேயிருந்து மட்டும்தான் தெரியும். இப்படி ஒரு வண்டியை வடிவமைத்தவன் கட்டாயம் தனிக்கட்டையாக இருந்திருப்பான்.

ஆகவே நான் கீழே மல்லாந்து படுத்தேன், கையில் ஸ்பானர், எதுவும் தெரியாமல். மேலே அவர், ஒரு கையில் பம்ப், மறு கையில் கால்சட்டை, எல்லாம் தெரிந்துகொண்டு. நடுவில் இவள், மொழிபெயர்ப்பாளராக.

"பாப்பா, நுரை நின்னுருச்சு போல. மாப்பிள்ளைய மூடச் சொல்லும்மா."

"மூடச் சொல்றாரு."

"மூடிட்டேன்னு சொல்லு."

"மூடிட்டாராம்ப்பா."

"ரொம்ப சிரமம் குடுக்கறோம்னு சொல்லு."

சாவியைப் போட்டால் எஞ்சின் இருமுகிறது, பிடிக்கவில்லை. ஏன் என்று புரிந்தது. மகளிடம் சொல்ல அவர் திரும்பியபோதே கை நின்றுவிடுகிறது. செய்தி என்னை வந்தடைவதற்குள் காற்று முந்திக்கொள்கிறது. பேசும்போதும் பம்பை அடித்துக்கொண்டே இருக்கும்படி சொல்லியனுப்பினேன். பதில் வந்தது: மாப்பிள்ளையிடம் பேசும்போது கை வேறு வேலை செய்துகொண்டிருந்தால் அது மரியாதையா? இரண்டாம் முறையும் அப்படியே. இவள் பொறுமை இழந்தாள். "ரெண்டு பேரும் நேராப் பேசிக்கிட்டா என்ன, உலகம் அழிஞ்சிடுமா?" என்றாள். அதற்குள் அவள் ஃபோன் அடித்தது. வீட்டுக்கார அம்மா. வருகிறீர்களா இல்லையா, இப்போதே சொல்லுங்கள் என்று. அவள் பேசிக்கொண்டே வெளி வாசலுக்குப் போய்விட்டாள். கீழே நான், மேலே அவர். இடையில் ஓர் எஞ்சின்.

மூன்றாம் முறை. அவர் அடிக்கிறார். நான் காத்திருக்கிறேன். மேலே தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு அவர், வரலாற்றில் முதல் முறையாக, என்னிடம் நேராகப் பேசத் தொடங்கினார். "மாப்பிள்ளை, உங்களுக்குத் தோதா இருந்தா, இப்ப வர்றது கொஞ்சம் சுத்தமா இருக்கற மாதிரிதான் எனக்குப் படுது, அதனால, தப்பா நினைக்கலைன்னா, அதைக் கொஞ்சம் மூடுங்க." நம் மொழியில் வினை கடைசியில்தான் வரும். அது வந்து சேர்வதற்குள் என் காது டீசலால் நிறைந்துவிட்டது.

"என்ன சொன்னீங்க மாமா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை."

நான்காம் முறை. எனக்கும் எரிச்சல். திருகைத் தேவைக்கு மேல் தளர்த்திவிட்டேன். அவருக்கும் எரிச்சல் இருந்திருக்க வேண்டும். பம்பை அறைந்து அறைந்து அடித்தார். முதலில் சீறல். பிறகு சீறல் நின்றது. பிறகு டீசல் திருகைப் பிய்த்துக்கொண்டு மேலே போயிற்று. எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்துக்குப் போயிருக்கிறது.

"மூடுடா. டேய், மூடுடா. கை என்ன களிமண்ணா? மூடித் தொலைடா."

என் கை எனக்கு முன்னால் கேட்டுவிட்டது. மூடியது. மேலே பம்ப் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"இறுக்கு. இன்னும். போதும். வெளிய வா. ஏறு. சாவியப் போடு. மிதி. விடாத, மிதி."

வந்தேன், ஏறினேன், போட்டேன், மிதித்தேன். அந்தச் சில நிமிடங்கள் நான் யாருக்கும் மாப்பிள்ளை இல்லை. கை கால் உள்ள ஓர் ஆள். எஞ்சின் ஒரு முறை குலுங்கி, கருப்பாக ஒரு புகை விட்டு, ஓடத் தொடங்கியது. நிற்காமல் ஓடியது. கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தேன். நெற்றியிலிருந்து டீசல் சொட்ட, இரண்டு கையையும் மேலே தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு கால்சட்டை நினைவுக்கு வந்தது. பிறகு தான் சொன்னது நினைவுக்கு வந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் பார்த்தார்.

கதவருகே மாமியார், கையில் துண்டோடு நின்றார். திருகையும் பம்பையும் அவர் பார்க்கவில்லை. அவர் காதில் விழுந்தது 'மூடுடா' என்ற ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்கு நம் வீடுகளில் என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும்.

"மாப்பிள்ளைய என்ன சொன்னீங்க?"

"நான் திருகைச் சொன்னேன்."

"திருகுக்கு யாராவது டா போடுவாங்களா?"

அவர் யோசித்தார். அங்கேதான் தப்பு செய்தார். யோசித்திருக்கக் கூடாது.

"அத்தை, அவர் வாயைச் சொல்லல, நிஜமாவே திருகைத்தான் சொன்னார்" என்று நான் இறங்கி ஓடிவந்தேன். என் காதிலிருந்து டீசல் வழிந்துகொண்டிருந்தது. அதை மாமியார் என்னவென்று நினைத்தாரோ, துண்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு ஒன்றுமே இல்லை என்றேன். "பாரும்மா, எவ்வளவு பெரிய மனசு" என்று, ஃபோன் பேசிவிட்டுத் திரும்பிய மகளிடம் சொல்லி அழுதார். சரி, பேச வேண்டாம் என்று சும்மா இருந்தேன். "பேச்சே வரல பாரு" என்றார். சிரித்துப் பார்த்தேன். "சிரிச்சு மறைக்கறார்" என்றார். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வங்கிக்காரர் மதில்மேல் தலையை வைத்து, நாங்கள் காலையிலேயே வாசலில் இறக்கி வைத்திருந்த கட்டிலையும் மூட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "பெரியவர் கோபத்துல வாயை மூடுன்னது தப்புதான் தம்பி. அதுக்காக வீட்டையே காலி பண்றதா?" என்றார். நாங்கள் போவது போன வாரமே முடிவான விஷயம் என்றேன். "சொல்வீங்க, நல்ல குடும்பம்" என்று தலையை எடுத்துக்கொண்டார்.

அத்தான், நிலைமையைப் பாருங்கள். காலையில் வண்டி ஓடவில்லை, அதனால் போக முடியவில்லை. இப்போது வண்டி ஓடுகிறது, அது எதனால் ஓடியதோ அதனாலேயே போக முடியவில்லை. இப்போது போனால் கோபித்துக்கொண்டு போனதாக ஆகும். மாமனார் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார், சாப்பிட வரவில்லை. மாமியார் நாங்கள் கட்டிய மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, பாத்திரங்களைப் பழைய இடத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார். இவளைத் தனியாக அழைத்துக் கேட்டேன்.

"இப்பப் போனா அப்பா தெருவுல எப்படி நடப்பாரு?"

"அப்ப இங்கேயே இருந்துடலாமா?"

"இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சுடும்."

நீங்கள் என்னை டா போடாத நாள் உண்டா? அக்கா என்னை அதைவிட மோசமாகவெல்லாம் அழைத்திருக்கிறாள். அச்சகத்தில் தாள் ஏற்றுகிறவர் தினமும் அழைக்கிறார். அதற்காக யாரும் மூட்டை கட்டியதும் இல்லை, கட்டிய மூட்டையை அவிழ்த்ததும் இல்லை. எனக்குக் கோபம் இல்லை, கோபம் இல்லை என்று அப்போதிலிருந்து சொல்லிச் சொல்லி இப்போது நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. அதை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் உங்கள்மேல் காட்டுகிறேன். ஃபில்டர் உங்களுடையது.

ஆகையால் கடிதம் கண்டதும் ஒரு காரியம் செய்யுங்கள். ஞாயிறு காலையிலேயே அக்காவோடு புறப்பட்டு வாருங்கள். சம்பந்தி வீட்டார் என்ற தோரணையில், நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கூடத்தில் உட்காருங்கள். நம் தரப்பில் எந்த மனத்தாங்கலும் இல்லை, சின்னஞ்சிறுசுகள் தனியாக இருந்து பார்க்கட்டும் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். நாம் எப்போது ஒரு தரப்பு ஆனோம் என்று கேட்காதீர்கள். இங்கே ஒரு மரியாதை உடைந்திருக்கிறது, அதை இன்னொரு மரியாதையால்தான் ஒட்ட முடியுமாம். மதில் பக்கம் சற்று உரக்கச் சொன்னால் இன்னும் நல்லது. சாயங்காலத்துக்குள் சாவியை வாங்காவிட்டால் அந்த மாடி அறைகள் போய்விடும். அவை போய்விட்டால் நான் நுழையும்போதெல்லாம் ஒரு மனிதர் எழுந்து நிற்பதை என் ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டும். மூட்டு வலிக்கார மனிதர். தயவுசெய்து வாருங்கள். வந்துவிட்டு, போகும்போது உங்கள் லாரியையும் கொண்டுபோய்விடுங்கள். இனி என் வாழ்க்கையில் ஃபில்டர் என்ற பேச்சு வேண்டாம்.

அக்காவுக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு முத்தம், வாடை போன பிறகு. உங்கள் வீட்டில் எல்லாம் குறைவின்றி நிறையட்டும். கூப்பிட்ட குரலுக்கு வருகிற ஒரு மெக்கானிக்கும் பக்கத்திலேயே அமையட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிக்கு அடியிலிருந்து மீண்டுவந்த
மைத்துனன்

பி.கு.: நீங்கள் வர வேண்டாம். இதை மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே உள்ளதை மடித்து உறைக்குள் வைக்கும்போது மாமனார் பின்னறையிலிருந்து வெளியே வந்தார். முகம் கழுவி, தலை வாரி, புதுச் சட்டை, வேறு பெல்ட். நேராக என் முன்னால் வந்து நின்று, "மாப்பிள்ளை, உங்களுக்குச் சம்மதம்னா இன்னிக்கே நானே வண்டியில கொண்டுபோய் விட்டுட்டு வரேன். நானே கொண்டுவிட்டா, கோவிச்சுக்கிட்டுப் போனாங்கன்னு யாரும் சொல்ல முடியாது" என்றார். அந்த இருட்டறையில் அவர் படுத்துக் கிடந்ததாக நாங்கள் நினைத்தோம். இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவரே ஓட்டினார். மாமியார் நடுவில் உட்கார்ந்து, தெருவில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் கையசைத்தார். மதில் வந்தபோது மாமனார் வேண்டுமென்றே மெதுவாகப் போனார். சாமான் மாடி ஏறிவிட்டது. சாவி கையில். மாமியார் அடுப்பு பற்றவைக்கிறார். வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்ப அவர் கீழே போனார்.

அத்தான், பிடிக்கவில்லை. சுற்றுகிறது, பிடிக்கவில்லை. மறுபடியும் காற்று. அவசரத்தில் நான் அந்தத் திருகைச் சரியாக இறுக்கவில்லை. இப்போது மேலே ஏறி வந்து வாசலுக்கு வெளியே நிற்கிறார். "மாப்பிள்ளை, உங்களுக்கு வேற வேலை ஒண்ணும் இல்லைன்னா, சிரமத்தைப் பார்க்காம, ஒரு நிமிஷம் கீழ வந்தா உதவியா இருக்கும்னு நினைக்கறேன்" என்கிறார். நான் எழுந்தேன். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் எழுந்து நிற்க அவருக்கு வழியில்லை. ஒரு படி கீழே இறங்கிக்கொண்டார்.

இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு குமிழியைக்கூட வெளியேற்ற முடியாது. அது அவருக்கும் தெரியும் என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. இருட்டுவதற்குள் அவருக்கு எப்படியாவது கோபம் வரவழைத்தாக வேண்டும். இவளிடம் வழி கேட்டேன். மூட்டையை அவிழ்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "டீசல் டாங்க்ல பெட்ரோல் ஊத்திட்டேன்னு சொல்லிப் பாருங்க" என்றாள்.

சொல்லிப் பார்க்கப் போகிறேன்.